வீட்டுப் பொருள்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது எப்படி: பினாங்கு ஈரக்காற்றுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

தீபாவளி நெருங்கினால் பழைய மரத்தட்டு, சாமி படச் சட்டம், பூச்சாடி என்று கையில் கிடைப்பதற்கெல்லாம் தங்க நிற ஸ்ப்ரே அடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அடித்த அன்று பளிச்சென்று இருக்கும். பொங்கல் வருவதற்குள் மங்கி, வெறும் மஞ்சள் பெயின்ட்டாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஸ்ப்ரேயில் இருப்பது பொடித் துகள்கள். ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு கோணத்தில் படிவதால் அதில் படும் வெளிச்சம் சிதறிவிடுகிறது. ரேக்கு முழு உலோகத் தாள். அதன் மேல் விழும் வெளிச்சம் உடையாமல் திரும்பி வருகிறது. விளக்கேற்றிய சாமி அறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாரும் விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

பெயின்ட்டுக்கும் அதற்கான இடம் உண்டு. பத்துமலையில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். அதன் பொன்னிறம் பெயின்ட்தான். வெயிலிலும் மழையிலும் நிற்கிற அவ்வளவு பெரிய உருவத்துக்கு அது சரி. கையில் எடுத்துப் பார்க்கிற, ஓர் அடி தூரத்தில் கண் படுகிற வீட்டுப் பொருளுக்கு ரேக்குதான் அழகு.

ரேக்கு ஒட்டும் முறை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் பசை பாட்டிலில் போட்டிருக்கும் நேரக் கணக்குப் பெரும்பாலும் குளிர்ந்த, உலர்ந்த ஊர்களை மனத்தில் வைத்து எழுதியது. இங்கே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதிலும் தீபாவளி வேலை தொடங்கும் செப்டம்பர், அக்டோபர்தான் பினாங்கில் மழை அதிகமான மாதங்கள். கடிகாரத்தை நம்பினால் வேலை கெடும். விரலை நம்பினால் கெடாது.

எந்த ரேக்கை வாங்குவது

அசல் தங்க ரேக்கு பொதுவாக 8 செ.மீ. சதுரத் தாள்களாக வரும். ஒரு புத்தகத்தில் 25 தாள். கனம் ஏறக்குறைய 0.1 மைக்ரான். அதாவது ஒரு கிராம் தங்கம் அடிபட்டுக் கிட்டத்தட்ட அரை சதுர மீட்டர் பரப்பாகிறது. வெறும் விரலால் தொட்டால் விரலிலேயே ஒட்டி மறைந்துவிடும். 22 காரட்டுக்கு மேல் உள்ள ரேக்கு கறுக்காது, மேலே வார்னிஷும் தேவையில்லை. தலைமுறைக்கும் வைத்திருக்கப்போகிற சாமி படச் சட்டத்துக்கு இதை வாங்கலாம். பழகும்போது வேண்டாம்.

பழகவும், பெரும்பாலான வீட்டு வேலைக்கும் இமிடேஷன் ரேக்கு போதும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைதான் இது. 14 செ.மீ. சதுரம், அசலைவிடப் பல மடங்கு கனம், கையாளச் சுலபம். செம்பு கூடினால் சிவந்த பொன்னாகவும், துத்தநாகம் கூடினால் வெளிறிய பொன்னாகவும் தெரியும். ஒரு குறை உண்டு: காற்றும் வியர்வையும் பட்டால் கறுக்கும். கடல் காற்று வீசும் தஞ்சோங் பூங்கா, பட்டர்வொர்த் பக்கத்து வீடுகளில் இன்னும் சீக்கிரம் கறுக்கும். அதனால் காப்புப் பூச்சு கட்டாயம்.

வெள்ளி நிறம் வேண்டுமென்றால் அலுமினிய ரேக்கை எடுங்கள். அசல் வெள்ளி ரேக்கு கறுக்கும், அலுமினியம் கறுக்காது. செம்பு ரேக்கின் நிறம் மண்பாண்டத்தின் மேல் மிக அழகாக இருக்கும். ஆனால் எல்லாவற்றையும்விட வேகமாக நிறம் மாறுவதும் அதுதான்.

கடையில் இரண்டு வகை கொடுப்பார்கள். ஒன்று தாள்களுக்கு நடுவே தளர்வாகக் கிடக்கும் ரேக்கு. இன்னொன்று மெல்லிய காகிதத்தில் லேசாக ஒட்டி வருவது, டிரான்ஸ்ஃபர் ரேக்கு என்பார்கள். தட்டையான தட்டு, பெட்டி, படச் சட்டத்துக்கு டிரான்ஸ்ஃபர் வகையே நல்லது. காகிதத்தைப் பிடித்து வைத்துத் தேய்த்தால் முடிந்தது. செதுக்கு வேலை உள்ள மரத்துக்கும் வளைந்த பானைக்கும் தளர்ந்த ரேக்குதான் பள்ளத்துக்குள் இறங்கும்.

ஓவியச் சாமான் விற்கும் கடைகளிலும் ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளிலும் ரேக்கு, பசை இரண்டும் கிடைக்கும். பசையைக் 'கில்டிங் சைஸ்' என்று கேளுங்கள். சீன பூஜைச் சாமான் கடைகளில் தொங்கும் பொன் தகடு ஒட்டிய எரிக்கும் காகிதம் இதற்கு உதவாது. அது முரட்டுக் காகிதத்தோடு ஒட்டியே இருக்கும், பிரித்தெடுக்க முடியாது.

எத்தனை தாள் வேண்டும் என்பதைப் பரப்பளவை வகுத்துக் கணக்கிடாதீர்கள், வரிசையாக அடுக்கிப் பாருங்கள். 30க்கு 40 செ.மீ. தட்டு என்று வையுங்கள். ஒரு தாளின் ஓரம் அடுத்த தாளின் மேல் அரை செ.மீ. ஏற வேண்டும். 14 செ.மீ. ரேக்கில் அகலத்துக்கு மூன்று, நீளத்துக்கு மூன்று, ஆக 9 தாள். 8 செ.மீ. அசல் ரேக்கில் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு, ஆக 24. ஒரு புத்தகம் அப்படியே போய்விடும். எப்படியும் இரண்டு மூன்று தாள் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

எதற்கு ஒட்டலாம், எதற்குக் கூடாது

முதல் வேலைக்குத் தட்டையான பொருளை எடுங்கள். வரிசைத் தட்டாகப் பயன்படும் மரத்தட்டு, படச் சட்டம், குங்குமச் சிமிழ் வைக்கும் சின்னப் பெட்டி, கொலுப்படியின் முகப்புப் பலகை எல்லாம் ஏற்றவை. மண் தொட்டியும் தேங்காய்ச் சிரட்டையும்கூட ரேக்கை நன்றாகவே ஏற்கும்.

சாப்பாடு படும் இடத்தில் இமிடேஷன் ரேக்கு ஒட்டவே கூடாது. இனிப்பின் மேல் போடும் வெள்ளித்தாள் வேறு. இது செம்பும் துத்தநாகமும். பலகாரத் தட்டாக இருந்தால் விளிம்புக்கும் வெளிப்பக்கத்துக்கும் மட்டும் ஒட்டி, உள்ளே வாழையிலை போட்டுக்கொள்ளுங்கள். டம்ளர், கோப்பையில் உதடு படும் விளிம்பையும் விட்டுவிடுங்கள்.

அகல்விளக்குக்கு ஒட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எண்ணெய் ஊற்றி ஏற்றுகிற விளக்கு என்றால் வேண்டாம். சுட்ட மண் எண்ணெயைக் குடித்து வெளிப்பக்கம் வரை கசியவிடும், ரேக்கு அடியிலிருந்து கழன்றுவிடும். வார்னிஷும் சூட்டுக்கு இளகும். பேட்டரி விளக்கு வைக்கிற அகலென்றால் தாராளமாக ஒட்டலாம். பித்தளைக் குத்துவிளக்கை விட்டுவிடுங்கள், அதற்கு அதன் சொந்த நிறமே போதும்.

முதல் படி: மேற்பரப்பு

ரேக்கு எதையும் மறைக்காது. பெயின்ட் ஒரு சின்னக் கீறலை நிரப்பிவிடும். ரேக்கு அதே கீறலை ஒளியோடு சேர்த்துக் காட்டும். ஒரு மணல் துகள் அடியில் இருந்தால்கூட மேலே புள்ளியாகத் தெரியும். மொத்த உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும்.

மரமானால் பழைய மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஒரு நாள் காயட்டும். ஆணி ஓட்டைக்கும் வெடிப்புக்கும் பட்டி பாருங்கள். பிளைவுட்டின் வெட்டு விளிம்புக்கும் பட்டி தேவை, அங்கே அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும். அப்புறம் உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் 'கெர்தாஸ் பாசிர்' என்று கேட்டால் எண் பார்த்துக் கொடுப்பார்கள். முதலில் 240, பிறகு 400. மர ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். தூசியை ஈரத்துணியால் எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய சொரசொரப்பு கைக்குத் தப்பாது.

சுட்ட மண்பாண்டம் தண்ணீரை இழுக்கும், பசையையும் இழுத்துவிடும். அதற்கு அக்ரிலிக் பிரைமர் இரண்டு பூச்சு வேண்டும். மண் தொட்டியில் செடி வைப்பதாக இருந்தால் உள்பக்கமும் பூசுங்கள், இல்லையென்றால் ஈரம் சுவர் வழியாக வந்து ரேக்கைத் தள்ளிவிடும். இரும்பானால் துருவைச் சுரண்டித் துரு தடுக்கும் பிரைமர். பிளாஸ்டிக்கானால் சோப்பில் கழுவி, 400 உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்று, பிளாஸ்டிக்குக்கான பிரைமர்.

இரண்டாம் படி: அடிநிறம்

ரேக்கு ஒட்டும்போது அங்கங்கே மயிரிழை விரிசல் விழும். அதன் வழியாக அடியில் உள்ள நிறம் தெரியும். அது வெள்ளை பிரைமராக இருந்தால் வேலை மலிவாகத் தெரியும். செங்காவி நிறமாக இருந்தால் பொன்னுக்கு ஒரு சூடு வரும். பழங்காலத்தில் ஐரோப்பாவில் இதற்குச் சிவந்த களிமண்ணைப் பூசினார்கள்.

இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஜார்ஜ் டவுன் நல்ல இடம். 1901இல் தீக்கிரையாகி 1906இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட கூ கோங்சி என்னும் சீனக் குலக் கோயில், லெபோ கெரேஜாவில் உள்ள பினாங்கு பெரனாக்கான் மாளிகை இரண்டிலும் பொன் பூசிய மரச் செதுக்கல்கள் நிறைய உண்டு. உள்ளே போனால் முழுச் சிற்பத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓரங்களில், மேடுகளில் பொன்னும் சிவப்பும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று கிட்டப்போய்ப் பாருங்கள். உங்கள் தட்டுக்கு என்ன நிறம் வேண்டும் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

பித்தளை, தங்க ரேக்குக்குச் செங்காவி. விரிசல் கண்ணில் படவே கூடாது என்றால் மஞ்சள் காவி. அலுமினியத்துக்குக் கறுப்போ சாம்பல் நீலமோ நன்றாக இருக்கும். சாதாரண அக்ரிலிக் பெயின்ட் போதும். தண்ணீர் கொஞ்சம் கலந்து மெல்லிசாக இரண்டு பூச்சு. பிரஷ் கோடு விழுந்தால் காய்ந்தபின் 400 உப்புத்தாளால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஓர் இரவு முழுக்க விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் நிற்கும்.

மூன்றாம் படி: பசை

பசையில் இரண்டு வகை. எண்ணெய்ப் பசை மூன்று மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று பதம் வரும் கணக்கோடு விற்கப்படும். பளபளப்பு அதில்தான் அதிகம். ஆனால் வாடை உண்டு, காத்திருக்கவும் வேண்டும், அடுக்குமாடி வீட்டுக்குச் சரிப்படாது. தண்ணீர்ப் பசை பால் நிறத்தில் இருக்கும். காயக் காயக் கண்ணாடி மாதிரி தெளியும். வீட்டு வேலைக்கு இது போதும்.

மழை பெய்யாத காலை நேரத்தில் தொடங்குங்கள். மத்தியான இடி மழைக்கு முன்பே பசை பதத்துக்கு வந்துவிடும். குளிர்சாதன அறை இருந்தால் உலர்த்தும் முறையில், அதாவது டிரை மோடில், அரை மணி நேரம் முன்னதாகவே ஓட விடுங்கள். காற்றில் உள்ள ஈரம் இறங்கும்.

மென்மையான பிரஷ்ஷால் மெல்லிசாக, ஒரே சீராகப் பூசுங்கள். பசை குளமாகத் தேங்கிய இடத்தில் ரேக்கு மூழ்கி மங்கும். பசை படாத இடத்தில் ரேக்கு ஒட்டாது. தெளிந்தபின் எங்கே பூசினோம் என்றே தெரியாது என்பதால் பசையில் ஒரு சொட்டுச் செங்காவி பெயின்ட் கலந்துகொள்வது நல்லது. பிரஷ்ஷை உடனே கழுவிவிடுங்கள், காய்ந்தால் அது அவ்வளவுதான்.

பாட்டிலில் 15 நிமிடம், 30 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். நம் ஊர் மழை நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, பதம் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். முதலில் பால் வெள்ளை முழுக்கப் போக வேண்டும். ஒரு மூலையில் லேசாக வெளுப்பு இருந்தாலும் காத்திருங்கள். பிறகு விரல் நுனியால் தொடாமல், மடக்கிய விரலின் முட்டியால் ஓரத்தில் லேசாகத் தொட்டு எடுங்கள். முட்டியில் பசை வரக்கூடாது. ஆனால் எடுக்கும்போது தோலைப் பிடித்து இழுத்து, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விட வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் பதம் வந்துவிட்டது.

அவசரப்பட்டு ஈரப் பசையில் ரேக்கு வைத்தால் அது சுருங்கி, பளபளப்புச் செத்து, தேய்க்கும்போது நகர்ந்துவிடும். தாமதமானால் அவ்வளவு கெடுதல் இல்லை. தண்ணீர்ப் பசை பதத்துக்கு வந்தபின் பல மணி நேரம் ஒட்டும் தன்மையோடு இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுவதே சரி. தூசி மட்டும் விழாமல் மேலே ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

நான்காம் படி: ரேக்கு வைப்பது

விசிறியை நிறுத்துங்கள். ஏர்கான் காற்று நேராக மேசை மேல் விழுந்தால் அதையும் நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். பேச்சைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வாயிலிருந்து வரும் மூச்சே தளர்ந்த ரேக்கை மடக்கிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குப் பிறகு உதிரித் துகளைத் துடைக்கும் வேலை கொடுக்கலாம், அதில் அவர்களுக்குக் கொள்ளை ஆசை.

கையைக் கழுவித் துடைத்து, டால்கம் பவுடர் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் இன்னும் நல்லது. பித்தளை ரேக்கில் இன்று படும் கைரேகை இன்று தெரியாது. சில வாரம் கழித்து வார்னிஷுக்கு அடியிலிருந்து பழுப்பாக எழும்பும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

டிரான்ஸ்ஃபர் ரேக்கானால் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து, ரேக்குப் பக்கம் கீழே பார்க்க, ஒரு விளிம்பை முதலில் பசையில் தொட வையுங்கள். பிறகு மெல்ல மெல்ல இறக்குங்கள். காகிதத்தின் மேல் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். ரேக்கு கீழே நின்றுவிட்டால் காகிதத்தை உரித்து எடுத்துவிடலாம்.

தளர்ந்த ரேக்குக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மெழுகு பூசிய காகிதத்தை 16 செ.மீ. சதுரமாக வெட்டி, உள்ளங்கையால் ஒருமுறை தடவி ரேக்கின் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். கையின் சூட்டிலும் மெழுகிலும் ரேக்கு காகிதத்தோடு எழுந்து வரும். அப்படியே கொண்டுபோய்ப் பசையில் இறக்கலாம். சின்னத் துண்டு வேண்டுமானால் மேலும் கீழும் காகிதம் இருக்க, மூன்றையும் சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ரேக்கை மட்டும் தனியாக வெட்ட நினைத்தால் கிழியும்.

பசையில் பட்ட ரேக்கைத் திரும்ப எடுக்க முடியாது. கோணலாக விழுந்தால் விழுந்ததுதான், இழுக்காதீர்கள். அதன் மேல் அடுத்த தாளை வைத்துச் சரி செய்துகொள்ளலாம். அடுத்தடுத்த தாள் அரை செ.மீ. ஏறி உட்காரட்டும். ரேக்கின் மேல் ரேக்கு ஒட்டாது என்பதால் அந்த ஏறிய பகுதி பிறகு தானாக உதிர்ந்து, இணைப்புக் கோடு கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

தட்டின் விளிம்பு, செதுக்கலின் பள்ளம் இதெல்லாம் கடைசியில். பெரிய தாள் பள்ளத்தின் மேல் பாலம் போட்டு நிற்கும். மென்மையான பிரஷ்ஷால் குத்திக் குத்தி உள்ளே இறக்கினால் கிழிந்து இறங்கும். கிழியட்டும். கிழிந்த இடத்தில் பசை இன்னும் உயிரோடு இருக்கும், சின்னத் துண்டுகளைப் போட்டு நிரப்பிவிடலாம்.

ஐந்தாம் படி: தேய்ப்பதும் நிரப்புவதும்

எல்லாத் தாளும் உட்கார்ந்தபின் ரேக்கு கசங்கலாக, ஓரமெல்லாம் சிலும்பிக்கொண்டு, பார்க்க அலங்கோலமாக இருக்கும். இந்தக் கட்டத்தில் பலருக்கு மனம் சோர்ந்துவிடும். சோர வேண்டாம். மெல்லிய டிஷ்ஷூத் தாளை மேலே வைத்துப் பஞ்சால் அழுத்திவிட்டு, மிக மென்மையான பிரஷ்ஷால் வட்ட வட்டமாகத் துடைக்கத் தொடங்குங்கள். கன்னத்தில் பவுடர் பூசும் புதுப் பிரஷ் இதற்கு அருமையாக உதவும். உதிரிகள் பறந்து, சிலும்பல் மறைந்து, அடியில் வழவழப்பான பொன் பரப்பு வெளியே வரும்.

இப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். செங்காவி தெரியும் இடங்களில் உதிரித் துகளைப் பிரஷ்ஷாலேயே அழுத்துங்கள், பெரும்பாலும் ஒட்டிவிடும். ஒட்டாத இடத்தில் துளி பசை தொட்டு, பதம் வரும்வரை பொறுத்து, சின்னத் துண்டு வையுங்கள். எல்லா விரிசலையும் அடைக்க வேண்டியதில்லை. மயிரிழை விரிசலில் செங்காவி எட்டிப் பார்ப்பது இந்த வேலைக்கு அழகுதான். காசளவு ஓட்டைகளை மட்டும் மூடுங்கள்.

மிஞ்சிய உதிரிகளை ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். அடுத்த வேலைக்கு நிரப்ப உதவும்.

முடிந்ததும் ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். மழைக்காலமானால் மூன்று நாள். மேலே ரேக்கு மூடிவிட்டதால் அடியில் உள்ள பசை மெதுவாகத்தான் காயும். அது காயுமுன் வார்னிஷ் போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, பரப்பு இளக்கமாகவே நின்றுவிடும்.

பழமைத் தோற்றம் வேண்டுபவர்கள் இந்த இடத்தில் செய்ய வேண்டும். 0000 எண் ஸ்டீல் உல்லால், அதாவது மிக நுண்ணிய எஃகு நாரால், விளிம்புகளையும் மேடுகளையும் மட்டும் தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் செங்காவி மெல்ல வெளிப்படும். கை வழக்கமாகப் படுகிற இடத்தில் தேய்மானம் இருந்தால்தான் இயல்பாகத் தெரியும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் முரடு, அதை எடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: காப்புப் பூச்சு

இமிடேஷன் ரேக்குக்கும் செம்புக்கும் வெள்ளிக்கும் இது இல்லாமல் முடியாது. அலுமினியம் கறுக்காது என்றாலும் உரசலிலிருந்து காக்க ஒரு பூச்சு நல்லது.

மெழுகு நீக்கிய ஷெல்லாக், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, ரேக்கோடு நன்றாகப் பிடிக்கும், பொன்னுக்குக் கொஞ்சம் கதகதப்பும் கூட்டும். ஆனால் தண்ணீர் தேங்கினாலோ சூடான தே தாரிக் கோப்பையை வைத்தாலோ வெள்ளையாகத் தடம் விழும். சுவரில் மாட்டும் சட்டத்துக்கு ஷெல்லாக் போதும். கைபடும் தட்டுக்குக் கரைப்பான் வகை அக்ரிலிக் வார்னிஷ் நல்லது. தண்ணீர் வகை வார்னிஷ் சிலவற்றால் பித்தளையும் செம்பும் நிறம் மாறிவிடும். அதைத்தான் வாங்க முடிந்தது என்றால் ஒரு பழைய அட்டையில் ரேக்கு ஒட்டி, பூசி, சில நாள் வைத்துப் பார்த்த பிறகே பொருளில் கை வையுங்கள்.

ஸ்ப்ரே வார்னிஷ் வசதியானது, பிரஷ் ரேக்கைச் சுரண்டும் பயம் இல்லை. ஆனால் மழை பெய்யும் சாயங்காலத்தில் ஒருபோதும் அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து, வார்னிஷ் வெள்ளைப் புகையாக மூடிக்கொள்ளும். மூன்று நாள் பாடுபட்ட பொன் கண்ணெதிரே மங்குவதைப் பார்க்க மனசு தாங்காது. வெயில் ஏறிய உலர்ந்த காலையில், காற்றோட்டம் உள்ள இடத்தில், முகமூடி போட்டுக்கொண்டு, 30 செ.மீ. தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். மூன்று மெல்லிய பூச்சு ஒரு கனமான பூச்சைவிட நல்லது. விளிம்பையும் அடிப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. கறுப்பு எப்போதும் மூடாத ஓரத்தில்தான் தொடங்கும்.

கோலமும் கோனும்

முழுத் தட்டையும் பொன்னாக்குவதைவிட எனக்குப் பிடித்தது, அடர் சிவப்போ கரும்பச்சையோ பூசிய தட்டில் பொன்னால் கோலம் போடுவது. ரேக்கு பசை உள்ள இடத்தில் மட்டுமே நிற்கும். அதனால் பசையாலேயே கோலத்தை வரைந்துவிடலாம். அடிப் பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் டால்கம் பவுடரைப் பஞ்சில் தொட்டுப் பரப்பு முழுக்கத் தடவித் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பெயின்ட்டின் மெல்லிய பிசுபிசுப்பிலேயே ரேக்கு அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நிறம் கலந்த பசையை மெல்லிய பிரஷ்ஷில் எடுத்துப் புள்ளி வைத்து, சிக்குக் கோலமோ தாமரையோ இழுங்கள். கோடு மிக நீளமாக இருந்தால் தொடங்கிய இடம் முன்பே காயத் தொடங்கும். தண்ணீர்ப் பசை நீண்ட நேரம் தாங்குவதால் அதில் கவலையில்லை. பதம் வந்ததும் மேலே ரேக்கைப் பரப்பி, பிரஷ்ஷால் துடைத்தால் கோலம் மட்டும் நிற்கும். கோட்டின் ஓரம் பிசிறாக இருந்தால் ஈரப்படுத்திய குச்சிப் பஞ்சால் திருத்தலாம்.

தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து மேடு கட்டி, அதன் மேல் தங்கத்தாள் ஒட்டுவார்கள். அந்த முறையை வீட்டில் எளிதாகச் செய்ய மருதாணிக் கோன் இருக்கிறது. காலிக் கோனில் அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட்டை அடைத்து, கையில் மருதாணி வரையும் அதே அழுத்தத்தில் மாங்காய், கொடி, முத்து வரிசை என்று தட்டின் விளிம்பில் இழுங்கள். ஒன்றிரண்டு நாள் காயவிட்டு, செங்காவி பூசி, பசை போட்டு, தளர்ந்த ரேக்கை வைத்துப் பிரஷ்ஷால் இறக்கினால், மேட்டில் வெளிச்சம் விழுந்து பக்கவாட்டில் நிழல் நிற்கும். நம் வீட்டுப் பெண்களில் மருதாணி வரையத் தெரிந்தவர் யாராவது ஒருவர் இருப்பார். அவரை இந்த வேலைக்கு இழுத்துவிடுங்கள்.

கண்ணாடித் தட்டுக்கு ஒட்டுவதானால் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்த கண்ணாடிக்குப் பிரைமரும் அடிநிறமும் வேண்டாம். பசையை மிக மெல்லிசாகப் பூசுங்கள், பிரஷ் கோடு முன்பக்கம் தெரியும். ரேக்கு காய்ந்தபின் அதன் முதுகில் கறுப்போ செங்காவியோ பூசி மூடிவிட்டால், விரிசலில் அந்த நிறம் தெரியும். முன்பக்கத்தை வழக்கம்போலத் துடைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் வைத்துப் பேணுவது

காய்ந்த மென்மையான துணி போதும். பிசுக்கு இருந்தால் ஈரத்தைப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து உடனே உலர்த்துங்கள். புளி, எலுமிச்சை, பிராஸோ பாலிஷ் எதுவும் கூடாது. பித்தளைச் சாமானில் அழுக்கை எடுக்கும் அதே புளிப்பும் உராய்வும் இங்கே ரேக்கையே எடுத்துவிடும். பூஜைச் சாமான் துலக்கும் நாளுக்கு முன்பே வீட்டில் சொல்லிவைப்பது நல்லது: "அத்தை, இந்தத் தட்ட மட்டும் புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்க, துணியால தொடச்சாப் போதும்." ஈரக் குங்குமத்தின் சாயம் வார்னிஷில் இறங்கும். குங்குமம் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன வெற்றிலையோ கிண்ணமோ இருக்கட்டும்.

கீறல் விழுந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டாம். கீறலைச் சுற்றி 400 உப்புத்தாளால் லேசாக மழுக்கி, செங்காவி தொட்டு, பசை வைத்து, பதம் வந்ததும் போத்தலில் சேர்த்துவைத்த உதிரியை அழுத்தி, இரண்டு நாள் கழித்து அந்த இடத்துக்கு மட்டும் வார்னிஷ் கொடுங்கள். பித்தளை ரேக்கு ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தால் அதன் மேல் புது வார்னிஷ் போட்டுப் பயனில்லை, கறுப்பும் சேர்ந்து மூடப்படும். அந்தப் பகுதியை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, அடிநிறத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.